விண்ணில் இருந்து வெயிலை அளக்கும் செயற்கைகோள்: தகர கூரை வீட்டு சூடு கணக்கில் வருமா? - ஒரு அலசல்

சென்னை:

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் போதும். செல்போனுக்கு செல்போன் ஒரு படம் பறக்க ஆரம்பித்துவிடும். தமிழ்நாடு முழுக்க ரத்த சிவப்பு. நடுவில் அங்கங்கே கருஞ்சிவப்பு திட்டு. கீழே, "55 டிகிரி! யாரும் வெளியே தலை காட்டாதீங்க" என்று ஒரு வரி.

அதே நாள் மாலை டி.வி.யில் வானிலை செய்தி வரும். "நுங்கம்பாக்கத்தில் 99 டிகிரி" என்பார்கள். அது பாரன்ஹீட் கணக்கு. செல்சியசில் சொன்னால் 37 டிகிரிதான்.

55 எங்கே, 37 எங்கே? இதில் எது உண்மை? படம் போட்டவன் புளுகுகிறானா, வானிலை மையம் மறைக்கிறதா என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடக்கும்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் விஷயம். இரண்டும் அளந்தது ஒரே பொருளை அல்ல. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெயிலில் நின்று உழைப்பவனின் உடம்பு படும் பாட்டை இந்த இரண்டு எண்களுமே முழுசாக சொல்வதில்லை.

மரப்பெட்டி சொல்வது வேறு, மண் சொல்வது வேறு

வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும் வெப்பம் காற்றின் வெப்பம். தரையில் இருந்து சுமார் 4, 5 அடி உயரத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு மரப்பெட்டி இருக்கும். ஜன்னல் பலகை போல சாய்வு சட்டங்கள் போட்டிருப்பார்கள். காற்று உள்ளே போய் வரும், வெயில் நேராக படாது. அதற்குள் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் அன்றைய வெயில்.

உலகம் பூராவும் இதுதான் முறை. அதில் தப்பு இல்லை. நிழலில், காற்றோட்டத்தில் அளந்தால்தான் ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் ஒப்பிட முடியும்.

சென்னைக்கு முக்கியமான அளவு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய 2 இடங்களில் எடுப்பது. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி பாரன்ஹீட் பதிவானது. அதுவும் பெட்டிக்குள் நிழலில் எடுத்த கணக்குதான்.

செயற்கைகோள் பார்ப்பது காற்றை அல்ல. தார் ரோடு, மொட்டை மாடி, பொட்டல் மண், கூரை இவற்றின் மேல்தோல் எவ்வளவு சூடு என்பதை அது பார்க்கிறது. இதற்கு தரைப்பரப்பு வெப்பம் என்று பெயர். மத்தியானம் செருப்பு இல்லாமல் தார் ரோட்டில் கால் வைத்தால் என்ன ஆகும்? அந்த சூடுதான் இது. கோடை பகலில் காற்றை விட தரை 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் கூட அதிகமாக இருப்பது சகஜம்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்த குழப்பம் பெரிய அளவில் நடந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-3 செயற்கைகோள் எடுத்த படத்தில், வடமேற்கு இந்தியாவில் தரை வெப்பம் 60 டிகிரி செல்சியசை தாண்டி இருந்தது. "இந்தியாவில் 60 டிகிரி வெயில்" என்று அதை பலரும் பரப்பினார்கள். அது தரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. காற்றில் அந்த அளவுக்கு அருகில்கூட யாரும் பதிவு செய்யவில்லை.

ஈரான் நாட்டின் லுட் பாலைவனத்தில் தரை வெப்பம் 80 டிகிரி செல்சியசை தொட்டதாக செயற்கைகோள் கணக்கு சொல்கிறது. காற்று 80 டிகிரிக்கு போனால் மனிதன் தாங்குவானா?

36 ஆயிரம் கி.மீ. தூரத்தில் இருந்து எப்படி?

சூடான எந்த பொருளும் கண்ணுக்கு தெரியாத ஒரு கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல் பக்கத்தில் கையை கொண்டு போனால், தொடாமலேயே சூடு தெரிகிறது இல்லையா, அதுதான் அந்த கதிர். சூடு ஏற ஏற கதிரும் ஏறும்.

கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராக துப்பாக்கி போல ஒன்றை நீட்டி காய்ச்சல் பார்த்தார்களே, அது பார்த்ததும் இந்த கதிரைத்தான். செயற்கைகோளில் இருப்பது அதே வேலையை செய்யும், மிக நுட்பமான கருவி.

இந்தியாவுக்கு இதற்காகவே இன்சாட் வரிசை செயற்கைகோள்கள் உண்டு. 2013-ல் இன்சாட்-3டி, 2016-ல் இன்சாட்-3டி.ஆர்., 2024 பிப்ரவரி 17-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இன்சாட்-3டி.எஸ். என்று அடுத்தடுத்து ஏவப்பட்டன. சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் இவை எப்போதும் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அரைமணி நேரத்துக்கு ஒரு முறை படம் எடுக்கும். ராத்திரியிலும் எடுக்கும். கதிரை பார்க்க வெளிச்சம் தேவை இல்லை.

ஆனால் தூரம் அதிகம் என்பதால் கண் கொஞ்சம் மங்கல். வெப்ப படத்தில் ஒரு புள்ளி என்பது 4 கி.மீ.க்கு 4 கி.மீ. தி.நகர், சைதாப்பேட்டை, கோடம்பாக்கம் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். ரங்கநாதன் தெருவையும் பனகல் பூங்காவையும் அதனால் பிரித்து பார்க்க முடியாது.

கண் கூர்மையான செயற்கைகோளும் உண்டு. அமெரிக்காவின் லேண்ட்சாட்-8, லேண்ட்சாட்-9 இரண்டும் சுமார் 705 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. இவற்றின் வெப்ப கருவி 100 மீட்டருக்கு ஒரு புள்ளி பார்க்கும். ஒரு தெருவின் பாதியை தனியாக பார்த்தது போல. ஆனால் ஒரு செயற்கைகோள் ஒரே ஊருக்கு 16 நாளைக்கு ஒரு முறைதான் வரும். இரண்டையும் சேர்த்தால் 8 நாள். அதுவும் காலை 10, 10½ மணிக்கு வந்து போய்விடும். அன்றைக்கு மேகம் மறைத்தால் படம் போச்சு.

அடிக்கடி வருகிறவனுக்கு கண் மங்கல், கண் நல்லா தெரிகிறவன் எப்போதாவது வருகிறான். இதுதான் நிலைமை.

வழியில் திருடும் ஈரம்

மேகம் இல்லாத நாளிலும் ஒரு தொல்லை உண்டு. காற்றில் கலந்திருக்கும் ஈரம். கண்ணுக்கு தெரியாத நீராவி.

தரையில் இருந்து கிளம்பும் வெப்ப கதிரில் ஒரு பங்கை இந்த நீராவி வழியிலேயே விழுங்கிவிடுகிறது. அப்புறம் தன் சொந்த கதிரை கொஞ்சம் வெளியே விடும். ஆனால் மேலே இருக்கும் நீராவி தரையை விட குளிர்ச்சி. அதனால் செயற்கைகோளுக்கு போய் சேரும் கணக்கு உண்மையை விட குறைவாக இருக்கும். ராஜஸ்தான் மாதிரி வறண்ட இடத்தில் நஷ்டம் கம்மி. சென்னை மாதிரி கடலோர ஊரில் பல டிகிரி காணாமல் போகும்.

போனதை எப்படி கண்டுபிடிப்பது? அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் தந்திரம் ரொம்ப சுவாரசியமானது.

கோயம்பேடு மார்க்கெட் கணக்கில் சொன்னால் சுலபமாக புரியும். மதனப்பள்ளியில் இருந்து ஒரே மாதிரி தக்காளியை 2 லாரியில் ஏற்றி விடுகிறோம். 2 லாரியும் வேறு வேறு ரோட்டில் வருகிறது. முதல் ரோடு சுமார், இரண்டாவது ரோடு கொஞ்சம் மோசம். மழை இல்லாத நாளில் இரண்டு லாரியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தக்காளிதான் நசுங்கும். மழை பெய்து ரோடு கெட்டு போன நாளில், இரண்டாவது லாரியில் சேதம் ரொம்ப கூடிவிடும்.

இறக்கும்போது 2 லாரிக்கும் உள்ள வித்தியாசத்தை பார்த்தாலே, வழியில் ரோடு எந்த லட்சணத்தில் இருந்தது என்று வியாபாரி சொல்லிவிடுவார். ஏற்றும்போது எவ்வளவு நல்ல சரக்கு இருந்தது என்றும் கணக்கு போட்டு விடுவார்.

செயற்கைகோளும் இதையேதான் செய்கிறது. வெப்ப கதிரை 11 மைக்ரான், 12 மைக்ரான் என்ற 2 அலைவரிசையில் தனித்தனியாக பார்க்கிறது. மைக்ரான் என்றால் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீராவி 12 மைக்ரான் கதிரை கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் கூடினால் காற்றில் ஈரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசத்தை வைத்தே, வழியில் தொலைந்த டிகிரியையும் திருப்பி கூட்டிக்கொள்வார்கள்.

ஒரே கல்லில் 2 மாங்காய். தரையின் சூடும் கிடைக்கிறது, காற்றின் ஈரமும் தெரிகிறது. கடல் வெப்பத்தை அளப்பதற்காக 1970-களில் உருவான முறை இது. 1980-களில் இருந்து நிலத்துக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இது தவிர, ஈரத்தை அடுக்கு அடுக்காக பார்க்க இன்சாட்-3டி வரிசையில் 19 அலைவரிசை கொண்ட சவுண்டர் என்ற கருவியும் வைக்கப்பட்டது. எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று அது சொல்லும். சொல்வது சரிதானா என்று பார்க்க மீனம்பாக்கத்தில் இருந்து வானிலை பலூன் பறக்கவிட்டு எடுக்கும் கணக்கோடு ஒப்பிடுவார்கள்.

10-க்கு 10 ரூம் மேல் 30 குடம் தண்ணீர்

காற்றில் இருக்கும் ஈரம் எவ்வளவு என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்.

தரையில் இருந்து ஆகாயம் வரை உள்ள நீராவியை எல்லாம் பிழிந்து தரையில் விட்டால் எத்தனை மில்லி மீட்டர் தண்ணீர் நிற்கும் என்பதுதான் செயற்கைகோள் சொல்லும் கணக்கு. வெப்ப மண்டல கடலோரத்தில் இது 40 முதல் 60 மில்லி மீட்டர் வரை போகும்.

50 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 10-க்கு 10 ரூம். அதற்கு நேர் மேலே நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 465 லிட்டர் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது. 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 30 குடத்துக்கு மேல் வரும். தண்ணி லாரிக்கு காத்திருக்கும் தெருவுக்கு மேலேயே இத்தனை தண்ணீர்!

வேலூரில் 108, சென்னையில் 93: எது ஆபத்து?

செயற்கைகோளுக்கு கணக்கை குழப்பும் இதே ஈரம்தான், மனுஷ உடம்புக்கும் எமன்.

நம் உடம்பு சூட்டை விடுவது வியர்வை மூலமாக. வியர்வை வந்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். காயும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானை தண்ணீர் ஜில்லென்று ஆவதும் இதே கணக்கில்தான். காற்று வறண்டிருந்தால் பானை நன்றாக குளிரும். காற்றில் ஏற்கனவே ஈரம் ரொம்பி கிடந்தால் பானை வேலை செய்யாது. உடம்பும் அப்படித்தான்.

இதை அளக்க ஒரு வழி உண்டு. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியை சுற்றி காற்றில் காட்டுவார்கள். அது காட்டும் வெப்பத்துக்கு ஈரத்துணி வெப்பம் என்று சொல்லலாம். வியர்த்த உடம்பு எந்த அளவுக்கு கீழே ஆற முடியும் என்பதற்கு அதுதான் எல்லை.

கணக்கை பாருங்கள். வேலூரில் 42 டிகிரி செல்சியஸ், அதாவது கிட்டத்தட்ட 108 டிகிரி பாரன்ஹீட். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம். அப்போது ஈரத்துணி வெப்பம் சுமார் 24 டிகிரி செல்சியஸ்.

சென்னையில் கடல் காற்று வந்துவிட்டது. 34 டிகிரி செல்சியஸ், அதாவது 93 டிகிரி பாரன்ஹீட்தான். "பரவாயில்ல, இன்னைக்கு வெயில் கம்மி" என்று டி.வி. சொல்லும். ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம். ஈரத்துணி வெப்பம் சுமார் 29 டிகிரி செல்சியஸ்.

டி.வி. கணக்கில் வேலூர்தான் 15 டிகிரி பாரன்ஹீட் கூடுதல். ஆனால் மூட்டை தூக்குகிறவனின் வியர்வை காய்வதற்கு சென்னையில்தான் வழி அடைபட்டு இருக்கிறது. கடற்கரையில் காற்று அடித்தால் தப்பிக்கலாம். காற்றே புகாத சந்துக்குள், ஜன்னல் இல்லாத பட்டறைக்குள் என்ன செய்வது?

ஈரத்துணி வெப்பம் 35 டிகிரி செல்சியசை தாண்டினால் எந்த மனிதனும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ம் ஆண்டு ஒரு ஆய்வு சொன்னது. 2022-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திடகாத்திரமான இளைஞர்களையே அறைக்குள் வைத்து பரிசோதித்தார்கள். ஈரப்பதம் அதிகமான நிலையில் சுமார் 31 டிகிரியிலேயே அவர்கள் உடம்பு சூட்டை கட்டுப்படுத்த முடியாமல் திணறியது. அவர்கள் செய்தது லேசான வேலைதான். 29 டிகிரியில் சிமெண்ட் சட்டி சுமக்கும் சித்தாள் அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று யோசித்து பார்க்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன பேராசிரியை வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணி பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு கரு கலைதல், குழந்தை இறந்து பிறத்தல் போன்ற ஆபத்து சுமார் 2 மடங்கு என்று அதில் தெரியவந்தது.

செயற்கைகோளை ஏமாற்றும் தகரம்

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். செயற்கைகோள் படத்தை வைத்து எந்த ஏரியா சூடு, எந்த ஏரியா குளிர்ச்சி என்று வரைபடம் போடலாம். மரம், குளம், சதுப்பு நிலம் உள்ள இடம் குளிர்ச்சியாக தெரியும். கிண்டி தேசிய பூங்கா, பள்ளிக்கரணை இதற்கு நல்ல உதாரணம். கட்டிடம் நெருங்கிய இடம், தொழிற்பேட்டை எல்லாம் சிவப்பாக தெரியும்.

ஆனால் பளபளவென்ற புது தகர கூரையில் செயற்கைகோள் ஏமாந்து போகும்.

சிமெண்டு, செங்கல், மண், ஆஸ்பெஸ்டாஸ் இவை எல்லாம் தங்கள் சூட்டுக்கு ஏற்ற கதிரை கிட்டத்தட்ட முழுசாக வெளியே விடும். 100-க்கு 90-க்கு மேல் தேறும். பளபளக்கும் உலோகம் அப்படி இல்லை, கஞ்சன். புது தகரம் 100-க்கு 20, 30 அளவுதான் விடும். சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். போதாததற்கு மேலே இருக்கும் குளிர்ந்த வானத்தை கண்ணாடி போல பிரதிபலிக்கும்.

வீட்டிலேயே இதை சோதித்து பார்க்கலாம். சில்வர் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, காய்ச்சல் பார்க்கும் மாதிரியான, பொருட்களின் சூட்டை அளக்கும் துப்பாக்கியை வெளிப்புறம் காட்டுங்கள். எண் குறைவாக வரும். அதே பாத்திரத்தில் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி அந்த இடத்தில் காட்டுங்கள். எண் விர்ரென்று ஏறும். பாத்திரம் அதேதான், சூடும் அதேதான்.

கூரையும் அப்படித்தான். நகரம் என்றால் சிமெண்டு என்று நினைத்து எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணை போட்டு கணக்கு பார்த்தால், புது தகரம் நெருக்கமாக வேய்ந்த இடம் உண்மையை விட குளிர்ச்சியாக படத்தில் வந்துவிடும். உள்ளே குடும்பமே வெந்துகொண்டிருக்கும். தகரம் துரு பிடித்து, தூசி படிந்தால் இந்த ஏமாற்று குறையும். ஆனால் ஒரு குடியிருப்பில் புதுசு, பழசு, ஆஸ்பெஸ்டாஸ், பிளாஸ்டிக் ஷீட்டு, ஓலை எல்லாம் 100 மீட்டருக்குள் கலந்து கிடக்கும். அதை எல்லாம் சேர்த்து ஒரு எண் கொடுக்கிறது செயற்கைகோள்.

இதற்கு தீர்வு இல்லாமல் இல்லை. எந்த கூரை எந்த பொருள் என்று தனியாக கணக்கெடுத்து, அதற்கு ஏற்ற எண்ணை போட்டால் தப்பு குறையும். ஆனால் அதற்கு யாராவது தெருவில் இறங்கி பார்க்க வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்களை கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். "மத்தியானம் வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு ரோட்டுலயே நிக்கலாம் சார்".

பகல் படத்தை மட்டும் நம்பலாமா?

இன்னொரு பொறியும் இருக்கிறது. கோடை காலை 10 மணி படத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் காய்ந்த பொட்டல் நிலம் நகரத்தை விட சூடாக தெரியும். இந்திய நகரங்கள் பலவற்றில் ஆய்வாளர்கள் இதை பார்த்திருக்கிறார்கள். "அப்ப சிட்டிதான் குளிர்ச்சி, பிரச்சினையே இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது.

காய்ந்த மண் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். சிமெண்டும் தாரும் மெதுவாக சுடும், மெதுவாகத்தான் ஆறும். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி 12 மணி வரை கக்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி எடுத்த படத்தில் நகரம்தான் சூடு. ஃபேன் போட்டால் அனல் காற்று, கரண்ட் போனால் மொட்டை மாடி என்று சென்னைவாசிகள் பாடு படுவது இதனால்தான்.

பகலில் வெந்த உடம்பு ராத்திரி ஆறாவிட்டால், மறுநாள் வேலைக்கு போகும்போதே பாதி களைப்போடு போகிறது. நாலு நாள் இப்படி தொடர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கூர்மையான கண்ணோடு அடிக்கடி பார்க்கும் செயற்கைகோள் வேண்டும் என்பதற்காக, நமது இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து திரிஷ்னா என்ற திட்டத்தை எடுத்துள்ளன. சுமார் 57 மீட்டருக்கு ஒரு புள்ளி, சுமார் 3 நாளைக்கு ஒரு முறை ஒரே இடம், மத்தியானம் 1 மணி வாக்கில் ஒரு படம், நள்ளிரவிலும் ஒரு படம் என்பது அதன் இலக்கு. காலை 10 மணி படத்தை விட இது நம் பாட்டுக்கு பொருத்தமாக இருக்கும்.

அரசு கணக்கில் ஈரம் எங்கே?

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநில பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. ஏழை குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சாவுக்கு காரணம் வெப்பம்தான் என்று சான்று வேண்டும்.

இங்கேதான் எண் முக்கியமாகிறது. வானிலை துறை கணக்குப்படி கடலோர ஊரில் 37 டிகிரி செல்சியசாவது இருக்க வேண்டும், அதோடு வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்ப அலை. மே மாதம் சென்னையில் வழக்கமான வெயிலே 37, 38 டிகிரி. அப்படியானால் 42 டிகிரி செல்சியசை நெருங்கினால்தான் வெப்ப அலை என்று ஆகும்.

இந்த கணக்கில் காற்றின் ஈரத்துக்கு இடமே இல்லை. 36 டிகிரி வெயிலில் புழுக்கம் தாங்காமல் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால், "அன்னைக்கு வெப்ப அலையே இல்லையே" என்று யாராவது கேட்டால் குடும்பம் என்ன பதில் சொல்லும்?

வானிலை துறைக்கும் இது தெரியாமல் இல்லை. 2023-ல் இருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து "வெப்ப குறியீடு" என்று சோதனை முறையில் வெளியிட ஆரம்பித்தது. வழி சரியானதுதான். அது எச்சரிக்கையிலும், நிவாரணத்திலும், வேலை நேரத்திலும் ஏறினால்தான் தொழிலாளிக்கு பலன்.

வழிகாட்ட ஊர் இல்லாமலும் இல்லை. குஜராத்தின் ஆமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில், வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக கணக்கிடப்பட்டது. அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் வெப்ப செயல் திட்டம் கொண்டு வந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, ஆஸ்பத்திரிகள் தயார், குடிசை கூரைகளுக்கு வெள்ளை பூச்சு என்று வேலை நடந்தது.

சென்னையிலும் 2025-ல் உணவு டெலிவரி தொழிலாளர்களுக்கு மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது. நல்ல ஆரம்பம். அடுத்த ஓய்வறை எங்கே, நிழற்குடை எங்கே, தண்ணீர் பந்தல் எங்கே, மரம் எங்கே என்று முடிவு செய்ய செயற்கைகோள் படத்தை விட மலிவான உதவி கிடையாது. லேண்ட்சாட் படங்கள் எல்லாருக்கும் இலவசம். ஆனால் பகல் படம், இரவு படம், ஈரம், கூரையின் வகை நாலையும் சேர்த்து வைத்து பார்க்க வேண்டும். சிவப்பு திட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால், பளபளக்கும் தகரத்துக்கு கீழே இருப்பவர் பட்டியலில் விடுபட்டு போவார்.

படம் வந்தால் கேட்க வேண்டிய 4 கேள்வி

செல்போனில் சிவப்பு படம் வந்தால் பதறவும் வேண்டாம், பார்வேர்டு செய்யவும் வேண்டாம். முதலில் இதை கேளுங்கள்.

1. இது தரையின் சூடா, காற்றின் சூடா?

2. செல்சியசா, பாரன்ஹீட்டா?

3. எத்தனை மணிக்கு எடுத்த படம், எந்த வருஷத்து படம்?

4. அன்றைக்கு காற்றில் ஈரப்பதம் எவ்வளவு?

நாலாவது கேள்விதான் உயிர் சம்பந்தப்பட்டது. டி.வி.யில் வெயில் அளவு சொல்லும்போது ஈரப்பதத்தையும் சேர்த்து கவனியுங்கள். வெயில் 95 டிகிரி பாரன்ஹீட்தான் என்றாலும், ஈரப்பதம் 60, 70 சதவீதம் என்றால் அன்றைக்கு வேலையை பார்த்து செய்ய வேண்டும். மணிக்கு ஒரு தரம் நிழலில் உட்கார வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர், உப்பு சர்க்கரை கரைசல் குடிக்க வேண்டும்.

கூட வேலை செய்பவருக்கு தலை சுற்றி, பேச்சு குளறி, உடம்பு நெருப்பாக கொதித்தால் அது மயக்கம் அல்ல, வெப்ப தாக்கு. உடனே நிழலுக்கு தூக்கிப்போய் சட்டையை தளர்த்தி, உடம்பு பூரா தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. 108-க்கு போன் செய்ய வேண்டும். வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக்கூடாது.

சிமெண்டு மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் கோடைக்கு முன்பே வெள்ளை பூச்சு அடித்தால் உள்ளே சில டிகிரி குறையும்.

36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் இருந்து காற்றின் ஈரத்தை அரைமணி நேரத்துக்கு ஒரு தரம் கணக்கு போட்டு அனுப்ப இந்த நாட்டால் முடிகிறது. அந்த கணக்கு சித்தாளின் சாப்பாட்டு இடைவேளை வரை, தகர கூரை வீடு வரை வந்து சேர வேண்டும். வானிலை அறிக்கையில் வெயிலோடு ஈரத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் நாளைத்தான் உழைக்கும் மக்கள் எதிர்பார்க்கிறார்கள்.